மூன்று சாமி மேல் ஆணை

பதில் சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள். செங்கமலத்தின் ஒரே மகன் தவசி, விறகைக் கரியாக்கி விற்கக் கரிமூட்டம் போடும் சேதுராமுவோடு வேலித் தகராறில் கைகலந்த மறுநாள் காணாமல் போனான். எடுத்து எரிக்க உடம்புகூடக் கிடைக்கவில்லை. சாட்சி இல்லை என்று போலீஸ் சேதுராமுவை விட்டுவிட்டது. அவன் மீசையைத் தடவிக்கொண்டு அவள் வாசல் வழியாகவே போய்வந்தான்.

அவள் அழவில்லை. அம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து அம்மன் மேல் பூசினாள். மாதா கோயிலுக்கு முழங்காலாலேயே நடந்தாள். வேண்டுதல் பலித்தால் தானாகத் திறக்கும் என்று தர்காவின் கம்பியில் பூட்டு மாட்டிச் சாவியைக் குளத்தில் எறிந்தாள். மூன்று இடத்திலும் ஒரே வேண்டுதல்தான். "அவனை என் கையில பிடிச்சுக் குடு. குடுக்கிற சாமிதான் நிசச் சாமி. அவன் உயிரை உனக்குக் காணிக்கையாக்கிட்டு, சாகுறவரைக்கும் உன் மதத்துலயே கிடக்கேன்."

ஊர் இதைப் பேசிச் சிரித்தது. சேதுராமுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றில் ஏதாவது ஒன்று உண்மையாக இருந்துவிட்டால்? தூக்கம் போயிற்று. ஒரு விடியற்காலை, யார் கண்ணிலும் படாமல் பஸ் பிடித்து ஓடிவிட எண்ணி, அவள் கொல்லை வழியே குறுக்கே நடந்தான். மழையில் ஊறிக் கிடந்த கிணற்றோர மண் சரிந்தது. அவனும் உள்ளே போனான்.

அலறல் கேட்டுச் செங்கமலம் புல்லறுத்துக்கொண்டிருந்த அரிவாளோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வயிறு குளிர்ந்தது.

"அக்கா, நீச்சல் தெரியாதுக்கா! கயிறு போடுக்கா!"

"நேத்துவரைக்கும் சிறுக்கி, இன்னிக்கு அக்காவா?"

மூழ்கட்டும் என்றுதான் நின்றாள். பிறகுதான் உறைத்தது: இவன் செத்தால், தவசி எங்கே கிடக்கிறான் என்பதும் இவனோடு போய்விடும். இறைகயிற்றைக் கல்தூணில் கட்டி மறுமுனையை வீசினாள். அவன் பாதி தூரம் ஏறியதும் கயிற்றின் மேல் அரிவாளை வைத்தாள். அதற்குள் அலறல் கேட்டு அம்மன் கோயில் பூசாரி மாயழகும், மாதா கோயிலில் மணியடிக்கும் அந்தோணிக்கண்ணும், தர்காவில் விளக்கேற்றும் காதர் மீராவும் வந்துவிட்டார்கள்.

"எம் புள்ளை எங்கடா?"

"சொன்னா வெட்டிர மாட்டியே?"

"அம்மன் மேல, மாதா மேல, அல்லா மேல ஆணை. சொன்னா ஏற விடுவேன்."

"கரிமூட்டத்துக்கு மேக்கே, ஒத்தைப் பனைக்குக் கீழே... கோவத்துல கம்பியால அடிச்சுட்டேன்க்கா."

செங்கமலத்தின் கை இறுகியது. கயிற்றில் ஒரு புரி அறுந்தது.

"அறு தாயி!" என்றார் பூசாரி. "பிடிச்சுக் குடுத்தது அம்மன். மிளகா அரைச்சுட்டு இப்பக் கை நடுங்குனா, அவ உன்னையச் சும்மா விட மாட்டா."

"குடுத்தது மாதா. அதுவும் மன்னிக்கிறதுக்குக் குடுத்திருக்கா," என்றார் அந்தோணிக்கண்ணு. "விட்ரும்மா. தண்டிக்கிறது ஆண்டவர் பாடு."

"நீ மாட்டுன பூட்டு காலையில தானாத் தொறந்து கிடந்துச்சு," என்றார் காதர் மீரா.

"துருப்பிடிச்ச பூட்டு ஓய் அது!"

"இருக்கட்டும் பூசாரி. இந்தாம்மா, உம் புள்ளை ரத்தத்துக்கு நீதான் உரிமைக்காரி. அவன் உயிரைக் கேட்டாலும் உரிமை, விட்டாலும் உரிமை."

"சீக்கிரம் முடிவு பண்ணுங்கய்யா, கை வழுக்குது!" என்று கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

வேண்டுதலை நிறைவேற்றினால் ஆணை பொய்யாகும். ஆணையைக் காத்தால் வேண்டுதல் பொய்யாகும். எந்த மதம் மெய் என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: செங்கமலம் எந்த வாக்கைக் காப்பாற்றுவது சரி?

விடை: ஆணையைத்தான். வேண்டுதல், அவனைப் பிடித்துக் கொடுத்த சாமி ஒன்றுக்கு மட்டும். அது எது என்று அங்கே நின்ற யாராலும் காட்ட முடியாது. வெறும் மழையாகக்கூட இருக்கலாம். ஆணையோ மூன்று சாமி மேலும் சேர்த்து இட்டது. அவற்றில் எந்த மதம் மெய்யானாலும் அந்த மெய்யின் மேல் இட்ட ஆணை அது. செங்கமலம் கயிற்றின் மேலிருந்து அரிவாளை விலக்கினாள். அவன் ஏறி வந்தான். ஏற விடுவதாகத்தான் ஆணை, போக விடுவதாக இல்லை. அவனைக் கல்தூணோடு சேர்த்துக் கட்டினாள். சாட்சி சொல்ல மூன்று பேரும் போலீஸுக்கு நடந்தார்கள். போலீஸ் வந்து ஒத்தைப் பனையடியில் மண்ணைத் தோண்டி முடிக்கும்வரை, அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே எதிரில் உட்கார்ந்திருந்தாள்.