ஆறு புளியமுத்து

எஸ்தர் மிஸ்ஸிடம் ஓட வரும் பெண்களுக்குச் சுற்றுக் கணக்கு புளியமுத்தில்தான், அதாவது புளியங்கொட்டையில். காலையில் ஒவ்வொருத்தி கையிலும் அவளுக்கான முத்துகளை மிஸ் எண்ணிக் கொடுப்பார். ஒரு சுற்று முடிந்தால், தன் பெயர் எழுதிய டப்பாவில் ஒரு முத்தைப் போட வேண்டும். கை காலியானால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

சோம்பல் பிடித்த நாளில் சிலர் இரண்டிரண்டாகப் போடுவார்கள். மிஸ் பார்த்தும் பார்க்காததுபோல் சிரித்துக்கொள்வார்.

அன்று மாரிச்செல்வியின் டப்பாவைக் கவிழ்த்தபோது அவர் சிரிக்கவில்லை.

“உனக்கு எத்தனை கொடுத்தேன்?”

“பன்னெண்டு மிஸ்.”

“பதினெட்டு இருக்கு.”

மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமை மாவட்டப் போட்டி. இரண்டு மாதமாக அந்தச் சனிக்கிழமையைத் தவிர அவள் வேறெதையும் பேசியதில்லை.

மிஸ் ஆறு முத்துகளைத் தனியே ஒதுக்கினார். அவை மட்டும் கருகலாக இருந்தன. ஒன்றின் தோலை உரித்துக் கடித்துப் பார்த்தார்.

“வறுத்தது. அம்மா வறுத்துக் கொடுத்ததா?”

“ஆமா மிஸ். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஆறு சுத்து ஓடுவேன். ஓடி முடிச்சதும் டப்பாவுல போட்ட முத்தை எடுத்துருவேன். இன்னைக்கு மறந்துட்டேன்.”

“எத்தனை நாளா?”

“ஒரு மாசமா.”

“எல்லாரும் குறைச்சு ஏமாத்துவாளுக. நீ கூட்டி ஏமாத்துறியேடி!”

“போட்டிக்கு வர்ற கயத்தாறுப் பிள்ளை தினம் முப்பது சுத்து ஓடுறாளாம். நான் எத்தனை ஓடினா அவளைப் பிடிக்கலாம் மிஸ்?”

மிஸ் குனிந்து, அவள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினார்.

“அம்மா!” மாரிச்செல்வி காலை இழுத்துக்கொண்டாள்.

“இது எத்தனை நாளா?”

“பத்து நாளா.”

மிஸ் சனிக்கிழமைப் பட்டியலை எடுத்தார். ஒரு பெயரை அடித்தார். பேனா அந்தப் பெயரின் மேல் மெதுவாகத்தான் போயிற்று.

மாரிச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மிஸ்ஸும் சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகை ஓய்ந்ததும், மிச்சமிருந்த வறுத்த முத்து ஐந்தில் மூன்றை அவள் கையில் வைத்தார்.

“தின்னு.”

“உங்களுக்கு ரெண்டுதான் இருக்கு.”

“எனக்குப் பல்லு ஆடுது. தின்னுடி.”

இருவரும் கடக் கடக்கென்று மென்றார்கள்.

மென்று முடித்ததும் மிஸ் தன் பைக்குள் கைவிட்டு ஆறு பச்சை முத்துகளை எடுத்தார். ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினார். மேலே ‘மாரிச்செல்வி’ என்று எழுதினார். அதன் கீழே, ‘பதினேழு வயதில்’.

“இது எதுக்கு மிஸ்?”

“உன்னோட ஆறு சுத்துதான். அப்போ வந்து வாங்கிக்கோ.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டப்பாவைப் பார்த்தாள்.

“நான் கொண்டுவந்ததையே போட்டு வச்சிருக்கலாம்ல?”

“அது வறுத்ததும்மா. முளைக்காது, தின்னத்தான் ஆகும். எடுத்து வைக்கிறதுன்னா பச்சையாத்தான் வைக்கணும்.”