சிவப்பு வண்டியின் மைலேஜ்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் மூத்த மருமகள் வெண்ணிலா. போன ஐப்பசியில், சஷ்டி விரதம் முடித்து நான் வயிறாரச் சாப்பிட்டு உட்கார்ந்திருந்த மத்தியானம். கோயமுத்தூரில் அவள் வேலை பார்க்கிற கார் பத்திரிகையில் நடந்ததாம்.

அந்தப் பத்திரிகைக்காகப் புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர் நாச்சியார். வயது முப்பத்தைந்துதான். ஆனால் ஒரு வண்டி லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் தரும் என்று அவர் எழுதிவிட்டால், அதற்குமேல் பேச்சில்லை. அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவர் பூவரசன். ஐம்பதைத் தாண்டியவர், வாலிபத்தில் ரேஸ் ஓட்டியவர். தன்னைவிட அவ்வளவு சின்னவரை வாய் நிறைய 'டீச்சர்' என்பார். டீச்சர் இவரை 'அண்ணா' என்பார்.

இவர் ஓட்டி எழுதியதெல்லாம் அதுவரை டீச்சர் பேரில்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் டீச்சரே கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்குதுங்க அண்ணா. சிவப்பு ஒண்ணு, சாம்பல் ஒண்ணு. கம்பெனிக்காரங்க சொல்ற மைலேஜ் ரெண்டுக்கும் ஒண்ணேதான். ரோட்டுல நிஜமா எது கூடக் கொடுக்குதுன்னு பாருங்க. சரியா இருந்துச்சுன்னா உங்க பேர்லயே போட்டுடலாம்."

பூவரசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்டாட்டியிடம் சொன்னார், மாமியாரிடம் சொன்னார், பால்காரரைக்கூட நிறுத்திச் சொன்னார்.

பழனி ரோட்டில் இரண்டு வண்டியையும் ஓட்டினார். புறப்படும்போது டேங்க் வழிய நிரப்பி, திரும்பி வந்து அதே அளவுக்கு நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று பார்த்து, ஓடிய தூரத்தை அதால் வகுத்தார். சாம்பல் வண்டி லிட்டருக்குப் பதிமூன்று கொடுத்தது. சிவப்பு ஒன்பதுதான்.

ஓடோடி வந்து சொன்னார்.

"சிவப்பு பெட்ரோலைக் குடிக்கலைங்க டீச்சர், குளிக்குது."

டீச்சர் சிரித்தார். "எல்லாத்தையும் சமமா வெச்சீங்களா அண்ணா?"

"அதுல விடுவனுங்களா? ரெண்டுக்கும் டயர்ல ஒரே காத்து. ஏசி ஒரே அளவு. அதே ரோடு, அதே நேரம், அதே பங்க்குங்க. டிக்கியில ஆளுக்குப் பதிலா அதே அரிசி மூட்டை. போட்டிருந்த சட்டையைக்கூட மாத்தலைங்க!"

"அது தெரியுதுங்க" என்று டீச்சர் ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு கேட்டார், "சாம்பல் வண்டி ஓட்ட எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க."

"சிவப்பு?"

பூவரசனின் முகம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ டீச்சர், அதை ஏன் கேக்கறீங்க! உடுமலை தாண்டினதும் ரோடு காலியா இருந்துச்சா, ரெண்டாவது கியருக்கு இறக்கி ஒரு மிதி மிதிச்சேன் பாருங்க. வண்டியா அது? பாடுதுங்க! ஒரு பஸ்காரன் முன்னால போயிட்டிருந்தான்..."

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதன்பிறகு டீச்சர் கேட்டார்.

"உங்க வீட்டுல யாராச்சும் பழனிக்குப் போகணும்னு கேட்டுட்டு இருக்காங்களா அண்ணா?"

"எங்க மாமியார் ஆடியிலிருந்து கேக்கறாங்க."

"நாளைக்குச் சிவப்பு வண்டியில கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அரிசி மூட்டையும் இருக்கட்டும். வந்து மைலேஜ் சொல்லுங்க."

"இன்னும் கொறையுமுங்களே!"

"கொறையட்டும்."

மறுநாள் மாமியார் தெய்வானையம்மாள் பூக்கூடையோடு பின்சீட்டில் ஏறினார். ஊர் எல்லை தாண்டியதும் பூவரசனின் வலது கால் தானாக இறங்கியது. வண்டி உறுமியது.

"முருகா!" என்றது பின்சீட்டு.

கால் மேலே வந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இறங்கியது.

"முருகா! ஏனுங் மாப்ள, அந்தப் பஸ்காரன் போறான்னா போவட்டுமுங்க. அவனுக்கு முந்திப் போயிட்டா சாமி நமக்குன்னு தனியாத் திரை விலக்குமா?"

பூவரசன் பஸ்ஸைப் போகவிட்டார். பொள்ளாச்சி தாண்டினதும் பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தார். தெய்வானையம்மாள் கூடையைக் கட்டிக்கொண்டு வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், விடிவதற்கு முன்னாலேயே எழுந்து பூக்கட்டினவர். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பூவரசன் தூரத்திலேயே காலை எடுத்துவிட்டார். திரும்பி வரும்போதும் அப்படித்தான். சாமி கும்பிட்ட களைப்பில் மாமியார் நன்றாகவே தூங்கினார்.

அதே பங்க்கில் நிரப்பி, வகுத்துப் பார்த்தார். நம்பாமல் பங்க் பையனிடம் கொடுத்தும் வகுக்கச் சொன்னார். பதினாலு.

டீச்சரிடம் வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அளவு எங்கியோ தப்பிப் போச்சுங்க டீச்சர். ஆள் ஏறியிருக்குது, மைலேஜும் பதினாலுக்கு ஏறியிருக்குது. எங்க மாமியார் என்ன காத்தடைச்ச பலூனுங்களா?"

"அப்ப சாம்பலைவிடச் சிவப்புதான் கூடுதல்னு எழுதிடலாமுங்களா?"

"அதெப்படிங்க? அதே சிவப்புதானே ஒம்பது கொடுத்துச்சு!"

"சாம்பலை ஓட்டினது யாருங்க?"

"நாந்தான்."

"ஒம்பது வந்தப்ப?"

"நாந்தா..."

பூவரசன் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் வலது காலையே பார்த்தார். இனி இது தன் பேரில் வராது என்று நினைத்துக்கொண்டார்.

"டயரு, ஏசி, அரிசி மூட்டை எல்லாம் பார்த்தேன் டீச்சர்" என்றார் மெதுவாக. "இப்ப எந்த நம்பரைப் போடறதுங்க?"

"ரெண்டையும் போடுங்க அண்ணா. ஒம்பதுக்குப் பக்கத்துல, 'எனக்கு இந்த வண்டியை ரொம்பப் பிடிச்சுப் போச்சு'ன்னு எழுதுங்க. பதினாலுக்குப் பக்கத்துல, 'எங்க மாமியார் தூங்கிட்டு வந்தாங்க'ன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ உங்க பேரைப் போடுங்க."

பூவரசனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. உடனே பேனாவை எடுத்தாராம்.

இதை நீங்களும் யாருக்காவது சொன்னால், அந்த மனுஷரைக் கேலி பண்ணிச் சொல்லாதீர்கள். அவ்வளவுதான்.