உச்சியில் ஓர் அம்புக்குறி

“மேடம், முதலாமாண்டு வகுப்பை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. என்னால ஆகலை.”

எட்டியப்பன் விடைத்தாள் கட்டைப் பொத்தென்று மேசையில் போட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவர் சபுரா பீவி. வயதில் இவரைவிடச் சின்னவர். ஆனாலும் அந்தக் கல்லூரியில் இயற்பியலில் எது சிக்கினாலும் எல்லோரும் அவர் முன்னால்தான் போய் நிற்பார்கள்.

“என்ன ஆச்சு சார்?”

“எறிபொருள் இயக்கம். எறிஞ்ச பந்து உச்சியில இருக்கும்போது அது மேல என்ன விசைன்னு கேட்டேன். போட வேண்டியது கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி, புவியீர்ப்பு, அவ்வளவுதான். அத்தனை பேரும் முன்னாலயும் ஒண்ணு போட்டிருக்காங்க. எறிஞ்ச கையோட தள்ளு கூடவே போகுதாம்!”

“நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?”

கேட்கக்கூடாத கேள்வி. எட்டியப்பன் பாடம் எடுக்கிற சத்தத்தில் சன்னலுக்கு வெளியே மேய்கிற ஆடுகளுக்கெல்லாம் சூத்திரம் மனப்பாடம். அதில் ஒரு கிடாய், வேலியைத் தாண்டுமுன் நாற்பத்தைந்து பாகைக்குத் தலையைச் சாய்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும் என்று பியூன் சூடம் அடித்துச் சத்தியம் செய்வார்.

“தொண்டை கிழியச் சொன்னேன் மேடம். கேள்வி கேட்டு வாயை மூடுறதுக்குள்ள பதிலையும் நானே சொல்லிடுறேன். இதுக்கு மேல என்ன செய்ய?”

சபுரா இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்தார்.

“வாங்க.”

மைதானம். மண்டையைப் பிளக்கிற வெயில்.

“எறிங்க சார்.”

எறிந்தார். பந்து ஏறி, வளைந்து, கொடிக்கம்பத்துக்கு அப்பால் போய் விழுந்தது.

“கையை விட்டப்புறம் பந்துக்கு என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்ய? சும்மா நின்னு பார்த்தேன்.”

“சரி. நாளைக்கு ஒரு வகுப்பு மட்டும் எடுங்க. அப்பவும் வேண்டாம்னா மாத்திடுறேன்.”

இந்தம்மாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார் எட்டியப்பன்.

மறுநாள், இதுதான் கடைசி என்று வகுப்புக்குள் நுழைந்தார். போர்டில் வளைகோடு போட்டார்.

“உச்சியில பந்து மேல என்ன விசை?”

பதில் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

நேற்று கையை விட்டுப் போன பந்து நினைவுக்கு வந்தது. அப்படியே நின்றார்.

மூடினார்.

அந்த அறையில் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. சாருக்கு நெஞ்சுவலியோ என்று பின்பெஞ்சில் ஒருத்தன் எழுந்தே விட்டான்.

கடைசியில் இசக்கிராஜா வந்து இரண்டு அம்புக்குறி போட்டான். கீழே ஒன்று. முன்னால் ஒன்று.

எட்டியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“முன்னால யாருலே தள்ளுதா?” என்றாள் சகாயமேரி.

“எறிஞ்ச கைதான்.”

“கை கீழயில்லா நிக்கி. அம்புட்டுத் தூரம் நீளுமோ?”

“அப்ப பந்து எப்படி ஏட்டி முன்னால போகுது?”

“போய்க்கிட்டிருக்கதை எதுக்குலே தள்ளணும்? நிறுத்தத்தான் ஆள் வேணும்.”

“அப்ப நேராப் போகாம ஏன் வளையுது?”

“கீழ இழுக்குல்லா!”

ஆளாளுக்குக் கத்தினார்கள். ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுச் சன்னலோரம் வந்து நின்றன.

இசக்கிராஜா போர்டையே பார்த்தான். பிறகு முன்னால் போட்ட அம்பை உள்ளங்கையால் அழித்தான். அழித்தவன் சும்மா போகவில்லை.

“சார், அப்ப நிலாவை யாரு தள்ளுதா?”

வகுப்பு மொத்தமும் எட்டியப்பனைத் திரும்பிப் பார்த்தது.

எட்டியப்பனுக்கு விடை தெரியும். ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிற அளவுக்குத் தெரியும். போய், முதல் பெஞ்சுக்காரர்களைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். மறுபடி ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

வாசலில் சபுரா தலையை நீட்டினார்.

“சார், வகுப்பை யாருக்கு மாத்தணும்?”

எட்டியப்பன் திரும்பவேயில்லை.

“உஸ்ஸ்!”