ஓடையை அழைத்துவந்தவள் பெயர்

ஓடைகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றில் லிவாய் என்றொரு பெண் இருந்தாள். மூன்று வருஷம் மழை இல்லாமல் ஊர் காய்ந்தபோது மலை ஏறிப்போய், கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஓடையை ஊருக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். அவள் புருஷன் பயானி அப்போது மூங்கில் கட்டிலில் படுத்துக்கிடந்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும்!

வரும்போதே ஓடை ஒரு நிபந்தனை போட்டது. "என்னை அழைத்துவந்தவள் பெயரை என்றைக்காவது கேட்பேன். ஊர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நின்றுவிடுவேன்."

பிறகு கடல் தாண்டி ஓர் அதிகாரி வந்தான். வீட்டுக்கு வீடு குடும்பப் பெயர் எழுதினான். "ஓடையைக் கொண்டுவந்தது யார்?" என்று கேட்டான்.

தன் பெயரைத் தானே சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். லிவாய் புருஷனைப் பார்த்தாள்.

"எங்கள் வீடுதான் ஐயா" என்றான் பயானி.

அதிகாரி தன் மொழியில் ஓடையைக் குறிக்கும் 'அரோயோ'வைப் பயானியின் பெயரோடு சேர்த்து எழுதினான். "இவள்?"

"என் பெண்டாட்டி."

அரோயோவின் மனைவி என்று எழுதிக்கொண்டு அவன் போய்விட்டான்.

"என் பெயரைச் சொல்லியிருக்கலாமே" என்றாள் லிவாய்.

"யார் பெயரில் இருந்தால் என்ன? ஒரே வீடுதானே."

 அவள் சோறு வடிக்கப் போனாள்.

பத்து வருஷம் கழித்து, ஒரு கோடையில் ஓடை அந்தப் பெயரைக் கேட்டது. "அரோயோ அம்மா" என்றது ஊர், மிகுந்த மரியாதையோடு.

"அது வீட்டுப் பெயர். அவள் பெயர்?"

ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எல்லோரும் பயானியைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

லிவாய் வழக்கத்தை உடைத்துத் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும், பெண்ணே. அவர்களுக்குத் தெரியவில்லையே" என்றது ஓடை. அதுதான் அது கடைசியாகப் பேசியது. தண்ணீர் கல்லுக்கடியில் இறங்கிவிட்டது.

அன்று முதல்தான் கோடை வந்தால் ஓடைகள் கண்ணில் படுவதில்லை. அன்று முதல்தான், ஒரு பெண் நாட்டுக்கே தலைவியாக உட்கார்ந்தாலும், ஊர் அவளைப் புருஷன் வீட்டுப் பெயரால் கூப்பிட்டுவிட்டு, மரியாதை செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.