எயினி எய்யாமல் விட்ட தட்டு

அந்தக் காலத்தில், பறவைகள் பேசுவது மனிதருக்கும் மனிதர் பேசுவது பறவைகளுக்கும் புரிந்துகொண்டிருந்தபோது, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் எயினி என்றொரு பெண் இருந்தாள். உண்டைவில் எய்வதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. உண்டைவில் என்றால் அம்புக்குப் பதிலாக மண் உருண்டையை எறியும் வில். எயினியின் கை அத்தனை வேகம். கண் பார்ப்பதற்குள் கை எய்துவிடும் என்று ஊரார் சொல்வார்கள். அதைக் கேட்க அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

தினை அறுவடை முடிந்ததும் அங்கே ஒரு விளையாட்டு நடக்கும். மனிதர்களும் புறாக்களும் சேர்ந்து ஆடுவது. எய்பவர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு பள்ளம். அதற்குள் குயவன் சேந்தன் புறாக்கூடையோடு உட்கார்ந்திருப்பான். அவன் மூடியைத் தூக்கினால் ஒரு புறா விர்ரென்று கிளம்பும். எப்போது கிளம்பும், எந்தப் பக்கம் பறக்கும் என்பதெல்லாம் புறாவின் இஷ்டம். எறியும் உருண்டை சுடாத ஈரமண்தான். தொலைவிலிருந்து பட்டால் சுருக்கென்று வலிக்கும், இறகில் செம்மண் ஒட்டும், அவ்வளவே. ஒட்டாமல் தப்பிய புறாவுக்கு நிறையத் தினை. ஒட்டிய புறாவுக்கும் தினை உண்டு, கூடவே கொஞ்சம் கேலியும் உண்டு.

ஒரு வருடம் எயினி தன் முறையை முடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அடித்த அடியைத் தோழியிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். வில்லில் நாண் ஏறியிருந்தது, நாணில் அடுத்த உருண்டையும் இருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான் நடப்பாள். எல்லோருமே அப்படித்தான் நடந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சாம்பலி என்ற புறா, மூடி சரியாகத் திறப்பதற்குள் இடுக்கு வழியே பாய்ந்தது. சேந்தன் இடுப்பு பிடித்துக்கொண்டதால் பள்ளத்தில் எழுந்து நின்றிருந்தான். சிறகுச் சத்தம் கேட்டதும் எயினி சுழன்று திரும்பினாள். கை எய்துவிட்டது.

"அம்மா!" என்று கத்தினான் சேந்தன்.

முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் பள்ளத்துக்குள் சரிந்தான். விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது. உருண்டை வலது கண்ணில் பட்டிருந்தது.

கூட்டம் ஓடிவந்தது. எயினிக்காக ஆளுக்கொரு சமாதானம் தயாராக இருந்தது. "சொல்லாமல் கிளம்பியது புறாவின் தப்பு" என்றார் ஒருவர். "இவன் எதற்கு எழுந்து நின்றான்?" என்றார் இன்னொருவர். எயினி கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் சொன்னதில் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது.

"வேறு யார்மேலும் தப்பில்லை" என்றாள் கடைசியில். "உருண்டை என் வில்லில் இருந்தது. அதை அங்கே வைத்தது நான். பார்க்காமல் எய்ததும் நான்தான்."

மரக்கிளையிலிருந்து சாம்பலி பேசியது. "நீ ஒத்துக்கொண்டாய், நல்லது. ஆனால் பக்கத்தில் நின்ற மனிதனுக்கே இந்தக் கதி என்றால் நாளைக்கு எங்கள் கண் என்னாவது? சிரிக்கத்தானே வந்தோம்! இனி வரமாட்டோம்." புறாக்கள் எல்லாம் எழும்பி மலைப்பக்கம் போய்விட்டன.

எயினி நாணைக் கழற்றி வில்லைக் கூரையில் செருகினாள். மறுநாளே சேந்தன் வீட்டு வாசலில் போய் நின்றாள். சேந்தனின் மனைவி வெண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதற்கு வந்தாய்?"

"அண்ணனுக்குக் கண் ஆறும்வரை மண் பிசைந்து தருகிறேன், மதினி."

"வில் பிடித்த கைக்கு மண் பிசையத் தெரியுமா?"

"தெரியாது. திட்டிக்கொண்டே சொல்லிக் கொடு."

வெண்ணி குறை வைக்காமல் திட்டினாள். எயினி மண்ணை மிதித்தாள், கல் பொறுக்கினாள், தண்ணீர் சுமந்தாள். மழை பெய்து ஓய்ந்தது, தினை முளைத்துக் கதிர் விட்டது. சேந்தனின் கண் மெல்ல ஆறியது. முன்னைப்போல் கூர்மை இல்லை என்றாலும் பார்வை மிஞ்சியது. வெண்ணியின் திட்டும் குறைந்து, எயினிக்கும் சேர்த்துக் கூழ் காய்ச்சுகிற அளவுக்கு வந்தது.

ஒருநாள் சூளை பிரித்தபோது ஒரு மூடி கோணிப்போய் வந்தது. சேந்தன் எரிச்சலில் அதைப் பக்கவாட்டில் வீசினான். அது கீழே விழாமல் சுழன்றுகொண்டே, காற்றில் ஏறி, வேலியைத் தாண்டிப் பறந்தது. எயினியின் இரண்டு கைகளும் தாமாகவே வில் பிடிப்பதுபோல் உயர்ந்தன. உடனே வெட்கப்பட்டுக் கைகளை இறக்கிக்கொண்டாள்.

சேந்தன் சிரித்தான். "உன் கை இன்னும் அடங்கவில்லையே."

"அண்ணா, அது புறாபோலவே பறந்தது!"

"பார்த்தேன்" என்றான் அவன். இன்னொரு மூடியை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதற்கு வலிக்காது. ஆனால் பள்ளத்திலிருந்து இதை வீச ஓர் ஆள் வேண்டும். நான்தான் இறங்க வேண்டும்."

இறங்கு என்று கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று எயினிக்குத் தெரியும்.

"இறங்குகிறேன்" என்றான் சேந்தன். "நிற்கிற இடத்துக்கு வந்து சேரும்வரை யார் வில்லிலும் நாண் ஏறக்கூடாது. ஏறவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். முறை வந்தபின்தான் உருண்டை. நீ கூப்பிடு, அப்போதுதான் நான் வீசுவேன். எய்கிறவர் காதுக்குப் பின்னால் நின்று யாரும் ஊர்க்கதை பேசக்கூடாது. அப்படியென்றால் இறங்குகிறேன்."

அந்த அறுவடைக்கு, புறாவுக்குப் பதில் மூடிபோல் சுட்ட மண்தட்டுகளோடு, விளையாட்டு மறுபடி தொடங்கியது. நாண் தொங்கும் வில்லோடு எல்லோரும் நடந்து வந்தது பார்க்க வேடிக்கையாக இருந்தது. சிலர் சிரித்தார்கள். முதல் முறை எயினிக்கு. சேந்தன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினான். அவள் நாண் ஏற்றினாள், உருண்டை வைத்தாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"விடு!" என்றாள்.

தட்டு எழும்பியது. அழகாக, அடிக்கச் சொல்லி அழைப்பதுபோல் எழும்பியது. அதே நொடியில் எதிர்ப்புதருக்குப் பின்னாலிருந்து, இங்கே தொடங்கிவிட்டது தெரியாமல், தலையில் தண்ணீர்க்குடத்தோடு வெண்ணி வெளியே வந்தாள்.

எயினியின் விரல் நாணிலேயே நின்றது. தட்டு உச்சிக்குப் போய், சரிந்து, தரையில் விழுந்து உடைந்தது. அவள் வில்லைத் தாழ்த்தி, உருண்டையை எடுத்துக் கீழே போட்டாள். அவள் கை அவள் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தவறிப்போச்சு!" என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

சேந்தன் பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கினான். வெண்ணி குடத்தோடு திகைத்து நிற்பதைப் பார்த்தான், வெறும் நாணோடு நிற்கும் எயினியைப் பார்த்தான்.

"அது கணக்கில் இல்லை" என்றான். "அவளுக்கு வேறு தட்டு தருகிறேன்."

வெண்ணி ஓரமாக வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எயினியின் தோளில் ஈரக்கையால் ஓர் அடி வைத்தாள். "ம், கூப்பிடு" என்றாள். எயினி கூப்பிட்டாள். அடுத்த தட்டு நடுவானில் பொடிப்பொடியானது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

மலையிலிருந்து இறங்கிவந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சாம்பலி, கிளையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது. "எங்கள் வேலையை மண் செய்கிறது" என்று தன் கூட்டத்திடம் சொன்னது. "செய்யட்டும். நம் பெயரையும் அதற்கே கொடுத்துவிடுவோம். நாம் தினை தின்னலாம்."

காலம் மாறி, தட்டைப் பறக்கவிட்டு அடிக்கும் இந்த விளையாட்டில் வில் போய்த் துப்பாக்கி வந்தது. ஆனாலும் அன்றைய வழக்கப்படிதான், சுடுபவர் தம் முறை வரும்வரை துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டியபடி நடக்கிறார். அவர் கூப்பிட்ட பிறகே தட்டு எழும்புகிறது. அந்தத் தட்டுக்கு இன்றும் களிமண் புறா என்றே பெயர்.