முதலாளியின் கைராசி

ஏலக்காய்த் தோட்டத்து முதலாளி சடையப்பருக்கு வாய் நீளம். அதிலும் தன் கைராசியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அன்றைக்கு மரநிழலில் ஏலவிதை போட ஒச்சம்மா பாத்தி கட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து குனிந்த முதுகு. அவர் வந்து நின்றார்.

"இதுல ஒரு விதை முளைக்கலைன்னாலும் நீ லயன் வீட்டைக் காலி பண்ணிரணும்."

தோட்டக் கூலிகளுக்கென்று கொடுத்த அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. சண்டை போடத் தெம்பும் கிடையாது.

"சரிங்க மொதலாளி. எனக்கு ஏது ராசி? உங்க கை பட்டா கல்லும் முளைக்கும்பீங்களே. நீங்களே போட்டுக் குடுத்துருங்க."

கூட வேலை செய்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி, கடைசி விதைவரை அவரே தூவினார். ஒச்சம்மா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இனி ஒண்ணுகூடப் பழுதாகாதுல்ல மொதலாளி? அப்படி ஒண்ணு பழுதாச்சுன்னா யாரு வீட்டைக் காலி பண்றது?"

முதலாளி தன் கையையும் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"விதைன்னா நாலு பழுதாகத்தான் செய்யும்" என்று முனகினார்.

ஒச்சம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இதை வந்ததுமே சொல்லியிருந்தா உங்க வேட்டி அழுக்காயிருக்காதே."