மயிலாத்தாள் நீட்டிய பேனா

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கறை பார்த்துத் தள்ளும் செக்கிங் வேலை மயிலாத்தாளுக்கு. மெட்ராஸ் ஐ வந்ததால், சம்பளத்தோடு மூன்று நாள் லீவு கேட்டு எழுதிய கடிதத்தோடு முதலாளி ரங்கதுரையிடம் போனாள்.

"வீட்ல படுத்திருக்கறவளுக்குச் சம்பளம் குடுத்தா பனியன் விலை ஏறும். ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிரும். அதுல எனக்கு லாபம்னு நிரூபிச்சுக் காட்டு. இல்லைன்னா இன்னிக்கே வேலையை விட்டு நின்னுக்க!"

உலகப் பொருளாதாரத்தையே பேசி முடித்த களைப்பில் அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

மயிலாத்தாள் கண்ணைக் கசக்கினாள். அதே கையால் மேசைமேல் இருந்த அவருடைய பேனாவை எடுத்து, லீவு கடிதத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"லீவே வேண்டாமுங்க. இப்பவே செக்கிங்குக்குப் போறேன்" என்று பேனாவை அவரிடம் நீட்டினாள்.

ரங்கதுரை நாற்காலியோடு பின்னால் போனார். "கிட்ட வராதே! கீழ போடு அதை!"

"ஒத்தப் பேனாவுக்கே இப்படிப் பயந்தா எப்படிங்க? நான் தொட்ட பனியனை முப்பது பேர் தொடறாங்க. முப்பது பேருக்கும் கண்ணு செவந்துட்டா கறையை யாருங்க பாக்கறது? அப்புறம் ஆர்டர் எந்த நாட்டுக்குங்க போகும்?"

அறிஞர்கள் ஆயிரம் பக்கத்தில் எழுதும் விடை அது. முதலாளிக்கு அரை நிமிடத்தில் விளங்கியது.

"மூணு நாள், சம்பளத்தோட!" என்று அலறி, பக்கத்தில் நின்ற கிளார்க்கின் பேனாவைப் பிடுங்கி லீவுக்குக் கையெழுத்திட்டார்.

அன்று முதல் அந்தக் கம்பெனியில் கண் சிவந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். ஆர்டர் திருப்பூரிலேயே இருந்தது.